பொறியும் உந்துவிசிறியும்

ஆனித் திங்களில் தென்காசிக்கு வருவோரை முதலில் எதிர்கொண்டு அழைப்பது காற்று. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் ஒரு பெருவாயில்போல் மலைத்தொடரைப் பிளந்து நிற்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று அவ்வாயிலின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே நுழைகின்றது. அதன் ஈரத்தில் ஒரு பகுதி குற்றாலத்தில் சாரலாய்ச் சிந்துகின்றது, அருவியாய் வீழ்கின்றது. ஈரம் குறைந்த காற்றோ நில்லாமல் கிழக்கு நோக்கி ஓடுகின்றது. காசி விசுவநாதர் கோவிலின் கோபுரவாயிலில் மேலாடையைப் பற்றிக்கொண்டு நடப்போரைக் கண்டவர்க்கு அக்காற்றின் வலிமை நன்கு விளங்கும். ஆலங்குளம், சுரண்டை முதலிய ஊர்ப்புறங்களில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அதனைத் தடுத்து நிறுத்தி வேலை வாங்குகின்றன.

தொலைவிலிருந்து நோக்குங்கால், காற்றாலையின் இறகு ஒரு நேரான பலகைபோல் தோன்றும். பெரிய வண்டிகளில் அவ்விறகை ஏற்றிச் சாலைவழியே கொண்டு செல்லும்போது அருகில் நின்று பார்த்தவர் அது நேரானதன்று என்பதை அறிவர். அடியில் அது அகன்று, மிகச் சாய்ந்து இருக்கும். நுனிக்குச் செல்லச் செல்லக் குறுகி, சாய்வு குறைந்து வரும். ஒரே சுற்றில் அடிப்பகுதி சிறு வட்டத்தையும், நுனி பெரு வட்டத்தையும் கடக்க வேண்டுமன்றோ? ஆகவே நுனியின் விரைவு மிகுதி. அது காற்றைச் சந்திக்கும் கோணமும் வேறு. அதற்கேற்ப இறகு முறுக்கப்பட்டுள்ளது. காற்று இறகைச் சுழற்றினால் அது காற்றாலை. அதே முறுக்குடைய இறகைப் பொறியொன்று சுழற்றி நீரைப் பின்னே தள்ளினால், படகு முன்னே செல்லும். அவ்வாறு தள்ளும் கருவியே உந்துவிசிறி எனப்படும். கடற்கரையில் படகோட்டிகள் இதனை விசிறி என்றும், காற்றாடி என்றும், புரொப்பெல்லர் என்றும் வழங்குவர். கடல்நீர் காற்றைப்போல் எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தி உடையது. ஆதலின் படகின் விசிறிக்கு மலையளவு நீண்ட இறகு தேவையில்லை. ஒரு முழம் நீளமுடைய அகன்ற இதழே போதும்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குச் செல்லும் சாலையருகே வெண்ணமடைக் குளம் உள்ளது. சாரற்காலத்தில் அங்கே மிதிபடகு ஓட்டாத சிறுவர் குறைவு. மிதிக்க மிதிக்கத் துடுப்புச் சக்கரம் சுழன்று நீரை அடிக்கும். படகு மெல்ல நகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவிக் கப்பல்களும் இவ்வாறே பெரிய சக்கரங்களால் நீரை அடித்துச் சென்றன. நீருக்குள் மறைந்து சுழலும் விசிறியே மேலானது என்று சிலர் கூறியபோது பலர் நகைத்தனர். வழக்கைத் தீர்க்க 1845 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படையினர் ஒரு போட்டி நடத்தினர். ஏறத்தாழச் சமமான ஆற்றலுடைய இரு கப்பல்களைப் பின்னோடு பின்னாகக் கயிற்றால் பிணைத்தனர். அலெக்டோ என்பது சக்கரக் கப்பல். ராட்லர் என்பது விசிறிக் கப்பல். இரண்டும் எதிரெதிர்த் திசையில் முழு விசையுடன் இழுத்தன. ராட்லர் தன் எதிரியை மணிக்கு இரண்டரைக் கடல்மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் பின்னோக்கி இழுத்துச் சென்றது. ஆனால் அக்கப்பலுக்கு அந்த வெற்றி எளிதில் கிட்டவில்லை. போட்டிக்கு முன்னர்ப் பல வடிவமுள்ள விசிறிகளை மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்த்தனர். விசிறி சிறந்தது என்பது வேறு. இந்தக் கப்பலுக்கு எந்த விசிறி ஏற்றது என்பது வேறு. இரண்டாவது வினாவுக்கு விடை காண்பதே அரிது. நம் பாடமும் அதுவே.

தென்காசி மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஆயினும் கடல் அதற்கு வெகுதொலைவிலும் இல்லை. செங்கோட்டையில் இரயில் ஏறி, 1904 ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்து செல்லும் பாதையில் சென்றால் கொல்லம் வந்துவிடும். அதற்கு வடக்கே, அட்டமுடிக் காயல் கடலோடு கலக்கும் இடத்தில் நீண்டகரை என்னும் துறை உள்ளது. 1956 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் வரையில் செங்கோட்டையும் நீண்டகரையும் ஒரே அரசின்கீழ் இருந்த ஊர்கள். அத்துறையில்தான், 1952 ஆம் ஆண்டு செய்த உடன்படிக்கையின்படி, நார்வே நாட்டினர் நம் மீனவர்க்கு டீசல் பொறிப் படகுகளைப் பழக்கினர். முதலில் நாட்டு வள்ளங்களிலேயே பொறியைப் பொருத்த முயன்றனர். துடுப்புக்கும் பாய்க்கும் என்று அமைந்த வள்ளம் பொறியின் அதிர்வுக்கும், தண்டுக்கும், விசிறிக்கும் இசையவில்லை. பின்னர் 22 அடி, 25 அடி நீளமுள்ள புதிய படகுகளையே வரைந்து கட்டினர். பொறியை வாங்குவதால் மட்டும் படகு விசைப்படகு ஆகிவிடாது என்பது அன்றே தெரிந்தது. அடியுடல், பொறி, விசிறி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அவற்றுள் கண்ணுக்குத் தெரியாமல் நீருக்குள் இருப்பது விசிறி. விலையிலும் பொறியைவிட மிகக் குறைந்தது. அதனால்தான் பலர் அதனைப் பற்றிக் கடைசியில் எண்ணுகின்றனர்.

அவ்வாறு எண்ணுவதன் விளைவு சிறியதன்று. கடன்பட்டுப் பொறி வாங்கிய மீனவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். பொருந்தாத விசிறி அவன் வாங்கும் டீசலை நாள்தோறும் புகையாக்கும்; பொறியின் ஆயுளைக் குறைக்கும்; புயலுக்கு முன்னர்க் கரைசேர வேண்டிய பொழுதில் அவனுக்கு வேகம் தராது. கடன் மட்டும் குறையாமல் நிற்கும்.

விசிறியை அறிய இரண்டு அளவுகள் இன்றியமையாதவை. ஒன்று விட்டம், அஃதாவது இதழ்களின் நுனி வரையும் வட்டத்தின் குறுக்களவு. மற்றொன்று புரியிடைத் தூரம். திருகாணியைக் கட்டையில் ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் அது ஒரு குறித்த தூரம் உள்ளே இறங்கும். அதுபோல, நீர் கட்டையைப்போல் இறுகியிருந்தால், விசிறி ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறுமோ அவ்வளவே அதன் புரியிடைத் தூரம். பிரான்சிஸ் பெட்டிட் சுமித் என்னும் ஆங்கிலேய உழவர் தம் சிறு படகுக்கு முதலில் மெய்யாகவே திருகாணி போன்ற மரப்புரி ஒன்றைச் செய்தார். அது இரண்டு முழுச்சுற்றுக் கொண்டது. 1837 ஆம் ஆண்டில் கால்வாயில் ஓடுகையில் எதன்மேலோ மோதி அதில் பாதி ஒடிந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று எல்லாரும் எண்ணினர். அதுவோ முன்னிலும் விரைந்து ஓடிற்று! நீளமான புரி நீரோடு வீணே உராய்ந்துகொண்டிருந்தது. குறுகிய புரி வேண்டிய அளவு மட்டும் நீரைத் தள்ளிற்று. இன்றைய விசிறியின் குட்டையான இதழ்களுக்கு அந்த ஒடிந்த துண்டையே மூதாதை எனலாம்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். அட்டமுடிக் காயலில் சுற்றுலாவினரை ஏற்றிச் செல்வதற்கும், அமைதியான நாள்களில் கடலில் சென்று வருவதற்கும் ஏற்ற உல்லாச விசைப்படகு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நீர்மட்டத்தில் அதன் நீளம் 36 அடி. நீரைப் பிளந்து செல்லும் அடியுடல் கொண்ட படகுக்கு இயல்பான வேக எல்லை ஒன்று உண்டு. நீளத்தின் அடிக்கணக்கிற்கு வர்க்கமூலம் கண்டு, அதனை 1.34 ஆல் பெருக்கினால் அந்த எல்லை கடல்மைலில் கிடைக்கும். 36 இன் வர்க்கமூலம் 6. எனவே இப்படகின் எல்லை மணிக்கு ஏறத்தாழ 8 கடல்மைல். இதற்கு மேல் விரைய முயன்றால், படகு தானே எழுப்பிய அலையின்மேல் ஏற முயல்வதுபோல் ஆகும். பொறியை இரட்டிப்பாக்கினாலும் வேகம் சிறிதே கூடும், டீசல்தான் கரையும். நீரின்மேல் எழுந்து சறுக்கிச் செல்லும் தட்டை அடியுடைய படகுகளுக்கு இவ்வெல்லை இல்லை. அவற்றின் கணக்கு வேறு.

இப்படகின் பொறி நிமிடத்திற்கு 1,800 சுற்றுச் சுழல்வது. இடையிலுள்ள பற்சக்கரப் பெட்டி அதனை மூன்றில் ஒன்றாகக் குறைக்கின்றது. ஆகவே விசிறி நிமிடத்திற்கு 600 சுற்றுச் சுழலும். விசிறியின் விட்டம் 28 அங்குலம். புரியிடைத் தூரம் 24 அங்குலம், அஃதாவது 2 அடி. நிமிடத்திற்கு 1,200 அடி. மணிக்கு 72,000 அடி. ஒரு கடல்மைல் ஏறத்தாழ 6,080 அடியாதலின், படகு மணிக்கு 12 கடல்மைலுக்குச் சற்றுக் குறைவாக ஓடவேண்டும். ஆனால் ஓடுவதோ 8. எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு எங்கே போயிற்று? நீர் கட்டையன்று, தள்ளினால் பின்னே நழுவும். இதற்கு நழுவல் என்று பெயர். நழுவலைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. நீரைப் பின்னே நகர்த்தினாலன்றிப் படகுக்கு உந்துவிசை பிறவாது. நழுவலே இல்லாத விசிறி நீரை ஒன்றும் செய்யாத விசிறியே. அளவுக்கு மேல் நழுவினால்தான் குறை.

உந்துவிசிறி உண்ணும் ஆற்றலைப் பற்றி ஒரு விதி உண்டு. அதனைக் காற்றாலையிலும் காணலாம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். அவ்வாறே விசிறியின் சுற்று இரட்டித்தால் அது கேட்கும் ஆற்றலும் ஏறத்தாழ எட்டு மடங்காகும். வேகத்தைச் சற்றே குறைத்து ஓட்டும் படகோட்டி மிகுதியாக டீசலைச் சேமிப்பதன் மறைபொருள் இதுவே. எட்டுக் கடல்மைலில் செல்பவர் ஏழில் சென்றால், பொறியிடமிருந்து வேண்டப்படும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். விட்டத்தின் செய்தி இதனினும் வியப்புடையது. சுற்று மாறாதிருக்க, 28 அங்குல விட்டத்தை அதே வடிவில் 31 அங்குலமாக்கினால், வேண்டும் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். மூன்று அங்குலந்தானே என்று எண்ணிப் பெரிய விசிறியைப் பூட்டுவோர் தம் பொறியின் தோளில் பாதிப் பொறியின் சுமையைக் கூடுதலாக ஏற்றுகின்றனர்.

சுமை மிகுந்தால் டீசல் பொறி என்ன செய்யும்? சுற்றைக் காக்கும் கட்டுப்பாட்டுக் கருவி மேலும் மேலும் எண்ணெயை உள்ளே விடும். அவ்வெண்ணெய் முழுதும் எரிவதற்குப் போதிய காற்று இராது. புகைக்குழாயில் கரும்புகை எழும். பொறியின் வெப்பம் ஏறும். வால்வும் பிஸ்டனும் வெந்து தேயும். முழு விசை கொடுத்தும் 1,800 சுற்றுக்குப் பதிலாக 1,600 சுற்றே கிடைக்கும். இதற்கு மாறாக விசிறி மிகச் சிறியதாயின் பொறி எளிதில் 1,800 ஐத் தொட்டுவிடும். ஆனால் படகு விரையாது. பொறிக்குக் கேடில்லை, வாங்கிய ஆற்றல் பயனின்றிக் கிடக்கும். இரண்டனுள் எது தீது என்றால், முன்னதே மிகத் தீது. அது பொறியையே உண்டுவிடும்.

படகு செய்யும் தொழிலையும் நோக்கவேண்டும். மடி வலையை இழுக்கும் மீன்படகு வலையோடு செல்லுங்கால் இரண்டு மூன்று கடல்மைல் வேகமே செல்லும். அப்போது வேண்டுவது விரைவன்று, இழுவிசை. ஆகவே அதற்குப் பெரிய விட்டமும், குறைந்த புரியிடைத் தூரமும், மெதுவான சுழற்சியும் ஏற்றவை. சில இழுவைப் படகுகளில் விசிறியைச் சுற்றி வளையமொன்று அமைத்து இழுவிசையை மேலும் பெருக்குவர். உல்லாசப் படகு எதனையும் இழுப்பதில்லை. நாள்முழுதும் ஒரே சீராக ஓடுவதே அதன் தொழில். அதற்குப் புரியிடைத் தூரம் மிகலாம். உல்லாசப் படகின் விசிறியை மலிவாகக் கிடைத்ததென்று மீன்படகில் பூட்டினால், வலை இறங்கிய கணமே பொறி திணறும். ஒரே பொறி, ஒரே நீளமுள்ள படகு எனினும் விசிறி ஒன்றாகாது.

விரைவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சார்லசு பார்சன்சு என்பவரின் கதை காட்டும். நீராவிச் சுழலியை ஆக்கிய அவர் 1894 ஆம் ஆண்டில் டர்பினியா என்னும் கப்பலை மிதக்கவிட்டார். பொறி அளவற்ற வேகத்தில் சுழன்றது. கப்பலோ எதிர்பார்த்தபடி ஓடவில்லை. மிக விரைந்து சுழலும் இதழின் முதுகுப்புறத்தில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். மலையுச்சியில் உலைநீர் விரைவில் கொதிப்பதை ஒத்தது இது. இதழின் முதுகில் கடல்நீர் குளிர்ச்சியாக இருக்கும்போதே ஆவிக்குமிழிகளாகப் பொங்கிற்று. விசிறி நீரைத் தள்ளுவதற்கு மாறாகக் குமிழிகளிடையே வீணே சுழன்றது. பார்சன்சு சிறு தொட்டி ஒன்றை அமைத்து அக்குமிழிகளைக் கண்ணால் கண்டார். பின்னர் ஒரு தண்டுக்குப் பதிலாக மூன்று தண்டுகளும், தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகளும் அமைத்தார். சுமை பல இதழ்களுக்குப் பங்கிடப்பட்டது. 1897 ஆம் ஆண்டில், விக்டோரியா அரசியாரின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பின் நடுவே டர்பினியா மணிக்கு 34 கடல்மைல் வேகத்தில் பாய்ந்து சென்றது; காவற்படகுகள் அதனைப் பிடிக்க இயலாமல் நின்றன. இக்குமிழிகள் வேகத்தைக் கெடுப்பதோடு அமைவதில்லை. அவை உடையும்போது இதழை உளியால் கொத்தியதுபோல் குழி விழச் செய்யும். பழைய வெண்கல விசிறிகளில் காணும் அம்மைத் தழும்பு போன்ற குழிகளிற் பல இவ்வாறு வந்தவையே.

இதழ்களின் எண்ணிக்கையிலும் கருத்துச் செலுத்த வேண்டும். மூன்று இதழ் பொதுவானது. நான்கு இதழாயின் அதிர்வு குறையும். இரவு முழுதும் படகில் உறங்குவோர்க்கு அது பெரும்பேறு. இதழின் நுனிக்கும் படகின் அடிப்பலகைக்கும் இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கேனும் இடைவெளி வேண்டும். நம் 28 அங்குல விசிறிக்கு மூன்று நான்கு அங்குலம் விடலாம். இல்லையேல் ஒவ்வோர் இதழும் கடக்கும்போதெல்லாம் நீரழுத்தம் பலகையைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒற்றை விசிறியுள்ள படகு, பின்னோக்கிச் செலுத்துகையில் ஒருபுறமாக இழுத்துச் செல்லும். பழகிய ஓட்டி அதனையே துணையாகக் கொண்டு துறையில் அணைவான். இரண்டு பொறியுள்ள உல்லாசப் படகுகளில் வலப்புறத்து விசிறி வலமாகவும், இடப்புறத்தது இடமாகவும் சுழலுமாறு அமைப்பர். ஒன்றன் இழுப்பை மற்றொன்று ஈடுசெய்யும்.

கணக்கு எவ்வளவு நுண்ணியதாயினும் இறுதித் தீர்ப்புக் கூறுவது நீரே. ஆகவே விசிறியைப் பூட்டியபின் வெள்ளோட்டம் விடவேண்டும். வெறும் படகில் ஓட்டிப் பார்த்து மகிழ்வது பயனற்றது. எண்ணெய்த் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் நிறைந்திருக்க, வழக்கமாக ஏறுவோர் அனைவரும் ஏறியிருக்க, அலையற்ற நீரில் முழு விசை கொடுக்கவேண்டும். சுற்றளவுகாட்டி 1,800 ஐச் சற்றே கடந்து நிற்குமாயின் விசிறி பொருந்திற்று என்று கொள்ளலாம். சற்றே கடப்பது ஏன்? சில திங்களில் படகின் அடியில் பாசியும் சிப்பியும் கொட்டலசும் பற்றும், சுமை கூடும், சுற்று இறங்கும். அந்நாளுக்கென இன்றே சிறிது இடம் விடுவதே அறிவுடைமை. நம் படகு கரும்புகையுடன் 1,600 இலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே புதிய விசிறி வாங்க வேண்டா. பட்டறையில் இதழ்களைச் சூடேற்றிப் புரியிடைத் தூரத்தை 24 அங்குலத்திலிருந்து 22 அங்குலமாகத் திருத்துவர். விட்டத்தை ஓர் அங்குலம் குறைப்பதும் ஏறத்தாழ அதே பயனைத் தரும். ஆனால் நறுக்கிய விட்டத்தை மீண்டும் வளர்க்க இயலாது. ஆதலால் முதலில் புரியைத் திருத்துவதே நன்று. திருத்தியபின் மீண்டும் வெள்ளோட்டம்.

வண்டிச் சக்கரத்திற்குக் குடம் உள்ளதுபோல் உந்துவிசிறிக்கும் நடுவே குடம் உண்டு. அக்குடத்தில் 28 × 24 என்பதுபோல் இரண்டு எண்கள் வெட்டப்பட்டிருக்கும். முன்னது விட்டம், பின்னது புரியிடைத் தூரம், இரண்டும் அங்குலக் கணக்கு. அருகே அது வலமாகச் சுழல்வதா, இடமாகச் சுழல்வதா என்னும் குறியும் இருக்கும். இதழைத் திருத்திய பட்டறையினர் பழைய 24 ஐ அராவிவிட்டு 22 என்று புதிதாக வெட்டித் தரவேண்டும். அதனை வெட்டாமல் விட்டால், பின்னாளில் அவ்விசிறியைப் பழைய பொருளாக வாங்கும் வேறொரு படகுக்காரர் குடத்திலுள்ள எண்ணை நம்பியே தம் பொறிக்குக் கணக்கிடுவார்.